ஃபைட்டர் மீனும் மயில் நீலமும்: கடலூர் நாட்குறிப்பு

ஜூன் 7, சனி

திருப்பாதிரிப்புலியூரில் சித்தப்பா மகன் மொட்டை மாடியில் ஃபைட்டர் மீன் வளர்த்து வாட்ஸப்பில் விற்கிறான். நெய்வேலியிலிருந்து வாங்கியவர், "போட்டோல மயில் நீலம், வந்தது பாசிப் பச்சை" என்று திட்டித் தீர்த்துவிட்டாராம். போட்டோ எடுத்துத் தர முடியுமா என்று என்னிடம் வந்து நிற்கிறான். போய்ப் பார்த்தேன். தொட்டிக்கு மேலே தொங்குவது செடி வளர்க்கிற எல்.இ.டி., சிவப்பையும் நீலத்தையும் அள்ளிக் கொட்டுகிறது, நடுவில் பச்சை சோகை. அந்த வெளிச்சத்தில் பச்சை மீன் நீலமாகத் தெரியாமல் என்ன செய்யும்?

ஜூன் 8, ஞாயிறு

விளக்கை அணைத்துவிட்டு, ஃபிளாஷைத் தொட்டியின் மேல்மூடிக் கண்ணாடிமேல் கீழ்நோக்கி வைத்தேன். ஷட்டர் வேகம் 1/200 நொடி, லென்ஸ் துளை எஃப் 8, சென்சாரின் ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 200. ஃபிளாஷ் எரியாவிட்டால் இந்த அமைப்பில் படம் கும்மிருட்டு, அதனால் டியூப்லைட்டோ ஜன்னல் வெயிலோ நிறத்தில் கைவைக்க வழியில்லை. மீன் பின்னால் ஓடிவிடாமலிருக்க உள்ளே ஒரு கண்ணாடித் துண்டைச் செருகி, நாலு விரல் அகல இடத்துக்குள் விட்டோம். கேமரா கண்ணாடிக்கு நேராக இருக்கணும், சாய்த்தால் ஓரமெல்லாம் இழுபடும்.

எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்ட, குழாய் வேலைக்குச் சுற்றுகிற டெஃப்ளான் டேப் போதும். ஒரு தட்டைத் துண்டில் பல சுற்று சுற்றி, மீன் நிற்கிற இடத்திலேயே தண்ணீருக்குள் இறக்கி ஒரு படம், அதை வைத்து மற்ற நிறங்களைச் சரிசெய்வது, அதாவது ஒயிட் பேலன்ஸ். வெளியே பிடித்தால் பாதி வேலைதான், பாதாம் இலை போட்ட தண்ணீரின் மஞ்சளும் சாதாரணக் கண்ணாடியின் லேசான பச்சையும் கணக்கில் வராது.

ஜூன் 10, செவ்வாய்

எல்லாம் சரி செய்தும் ஒரே மீன் இரண்டு நிறம். திரும்பும்போது வயிற்றுத் துடுப்பு எஃகு நீலம், பக்கவாட்டில் வந்து நின்றதும் செதில் செதிலாகப் பச்சை ஓடுகிறது. காரணம், ஃபைட்டரின் நீலத்துக்குச் சாயமே கிடையாது. தோல் செல்களில் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் படிகத் தகடுகள் ஒளியைப் பிரதிபலித்து உண்டாக்கும் நிறம் அது, நியான் டெட்ரா என்கிற சின்னத் தொட்டி மீனின் நீலக் கோடும் அதே வகைதான். கோணம் மாறினால் நிறம் மாறும். சிவப்பு அப்படியில்லை, நிஜமான நிறமி, எங்கிருந்து பார்த்தாலும் சிவப்பு. ஆக, நெய்வேலிக்காரர் சொன்னதில் பாதி நியாயம், தம்பி பக்கமும் பாதி.

ஜூன் 14, சனி

சூப்பர் ரெட் என்கிற முழுச்சிவப்பு ஃபைட்டர் இன்று. சிவப்பு மட்டும் சென்சாரில் முதலில் நிரம்பி வழிந்துவிடுகிறது, துடுப்பின் நரம்பெல்லாம் போய் ஒரே குங்குமப் பூச்சு. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவைக் குறைத்ததும் கதிர் கதிராகத் திரும்பி வந்தது. இன்னொன்று, ஜாடியிலிருந்து மாற்றிய உடனே எடுக்கக் கூடாது, பயத்தில் வெளிறிக் கிடக்கும். அரை மணி நேரம் விட்டு, கண்ணாடி காட்டினால் தன் நிழலோடு சண்டைக்கு வந்து துடுப்பை விரிக்கும். கண்ணாடி சில நிமிஷம் போதும், பாவம்.

(தொட்டியில் கடல் மீனைப் போட்டோ எடுக்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். பவளத்துக்காகப் போடும் நீல விளக்கில் கேமராவுக்கு நீலத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது, லென்ஸ் முன்னால் ஆரஞ்சு ஃபில்டர் மாட்டி எடுப்பார்கள்.)

ஜூன் 15, ஞாயிறு

தம்பிக்குத் திருப்தி இல்லை. "இப்படிப் போட்டா யாரு வாங்குவாங்க அக்கா?" என்கிறான். மற்றவர்கள் நிறத்தை ஏற்றித்தான் போடுகிறார்கள், பார்க்கிறவர் போனும் 'விவிட்' வைத்திருந்தால் அதுவே இன்னும் கொஞ்சம் ஏற்றும். அதற்கு நான் என்ன செய்ய. இனிமேல் ஒரு மீனுக்கு நேர்ப் பக்கத்தில் ஒன்று, திரும்பும் கோணத்தில் ஒன்று, கூடவே பகல் வெளிச்சத்தில் சின்ன வீடியோ என்று முடிவாகியிருக்கிறது. ராத்திரி அவன் ஸ்டேட்டஸ் பார்த்தேன், படத்துக்குக் கீழே 'வெளிச்சத்தைப் பொறுத்து நிறம் மாறும், திருப்பி அனுப்பாதீங்க' என்று சேர்த்திருக்கிறான். பின்பாதியை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.