ஓநாயின் வாய்க்குள்

"இன் போக்கா அல் லூபோ" என்று தோழி சொன்னதும், தேர்வறை வாசலில் நின்ற மாணவி நன்றிகூடச் சொல்லாமல், "கிரேபி" என்ற ஒற்றைச் சொல்லோடு உள்ளே போனாள்.

போலோனியா பல்கலைக்கழகத் தாழ்வாரத்தில் இன்று காலை கண்டது இது. இத்தாலியில் பல தேர்வுகள் வாய்மொழியாகவே நடக்கின்றன. 30-க்கு 18 எடுத்தால் தேர்ச்சி. அவள் கையிலிருந்த குறிப்புத் தாளின் ஓரம் வியர்வையில் நைந்து சுருண்டிருந்தது.

"ஓநாயின் வாய்க்குள்" என்பதே அத்தொடரின் நேர்ப்பொருள். தேர்வுக்கோ மேடைக்கோ போகிறவரை அப்படித்தான் வாழ்த்தி அனுப்புகிறார்கள். "கிரேபி", அதாவது "ஓநாய் சாகட்டும்" என்பது மரபான மறுமொழி. நன்றி சொன்னால் ராசி கெட்டுவிடும் என்பது நம்பிக்கை.

இப்போது சிலர் "ஓநாய் வாழ்க" என்கிறார்கள். தாய் ஓநாய் குட்டியை வாயில் கவ்வித்தான் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகும் என்பது அவர்கள் தரும் விளக்கம். தொடர் அதிலிருந்து பிறந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆபத்தை வாய்விட்டுச் சொல்லி விரட்டும் பழக்கமாகவே அது எனக்குப் படுகிறது. ஆயினும், 1970-களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஏறத்தாழ 100 என்ற அளவுக்கு அருகி, 1971-இல் வேட்டை தடைசெய்யப்பட்ட பிறகு மெல்ல மீண்ட ஓர் உயிரைச் சாகச் சொல்ல நா எழாதவர்களை மனதார மதிக்கிறேன்.

கதவு திறந்தது. தோழி சட்டென்று எழுந்து நின்றாள்.