நாயனத்துக்கு வாத்தியார் வந்துட்டார்

ஜூன் 23

எங்க பல்கலைக்கழக இசை டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுல புது வாத்தியார்கள போட்ட ஆர்டர் ஒட்டிட்டாங்க. வாய்ப்பாட்டுக்கு ஒருத்தர், வீணைக்கு ஒருத்தர், நாதஸ்வரத்துக்கு ஒருத்தர், மூணுமே நிரந்தர போஸ்ட். நான் மூணாவது பேரையே திரும்பத் திரும்ப படிச்சிட்டு நின்னேன். நான் சேர்ந்ததுல இருந்து நாயனத்துக்குன்னு, நாதஸ்வரத்த நாங்க அப்படித்தான் சொல்லுவோம், தனி வாத்தியார் கிடையாது, மணிக்கணக்கு சம்பளத்துக்கு யாராவது வருவாங்க, முகூர்த்த சீசன் வந்தா போயிடுவாங்க, அவங்கள குறை சொல்லவும் முடியாது, அந்தக் காசு பஸ்ஸுக்கும் டீக்குமே சரியா போயிடும். மத்த நாள்ல வாய்ப்பாட்டு மேடம்தான் எங்களையும் சேத்து பாத்துக்குவாங்க. அவங்க பாடுற பைரவி ராகத்த நாள் பூரா கேக்கலாம். ஆனா அதே நிஷாதத்த, அந்த 'நி' ஸ்வரத்த, நாயனக் குழல்ல கொண்டு வர விரல எவ்வளவு தூக்கணும், மூச்ச எங்க அழுத்தணும், உதட்ட எப்படி இறுக்கணும்னு அவங்க எப்படி சொல்வாங்க? எங்க வாத்தியத்துல கமகம், அதாவது ஸ்வரத்த அசைச்சு வளைக்குறது, பாதி விரல்ல பாதி மூச்சுல இருக்கு. அத ஊதுறவங்கதான் சொல்லித் தரணும்.

ஜூன் 26

புது நாயன வாத்தியார், ஐயா, இன்னைக்கு ஜாயின் பண்ணிட்டார். வேட்டி சட்டை, கையில வாத்தியப் பை. ஆபீஸ்ல கையெழுத்து போட்டதும் நேரா எங்க கிளாஸ் ரூமுக்குதான் வந்தார்.

கேண்டீன்ல வேற பேச்சு ஓடுது. பிஎச்டி இல்லாதவர எப்படி எடுத்தாங்கன்னு. எனக்கு கோவம் வந்துருச்சு, பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, அதோட 2018 விதிமுறையிலயே இருக்கு, இசை மாதிரி துறைகளுக்கு ரெண்டு வழி, ஒண்ணு எம்.ஏ., நெட், பிஎச்டின்னு போற வழி, இன்னொண்ணு மரபா குருகிட்ட பாடம் பண்ணி ஆல் இந்தியா ரேடியோல ஏ கிரேடு வாங்கின, டிகிரி உள்ள கலைஞரா இருந்தா நேரா உதவிப் பேராசிரியர் ஆகலாம், பாடத்த விளக்கிச் சொல்லவும் தெரிஞ்சிருக்கணும். இதுல சலுகை ஒண்ணும் இல்ல. சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல பாடகர் டைகர் வரதாச்சாரியாரும் நாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வர் பரம்பரையில வந்த பொன்னையா பிள்ளையும் பாடம் சொன்னாங்க, அப்புறம் தண்டபாணி தேசிகர், திருச்செங்காட்டங்குடி ஓதுவார் குடும்பத்துப் பிள்ளை. இவங்க எல்லாம் மேடையில இருந்தும் சன்னதியில இருந்தும் வகுப்புக்கு வந்தவங்கதானே. அந்த வரிசையில நாயனக்காரர் வந்து நிக்கும்போது மட்டும் ஏன் சர்டிபிகேட் கேக்கணும்?

ராத்திரி தாத்தாவுக்கு போன் பண்ணேன். அவர் சம்பளமும் கேக்கல, படிப்பும் கேக்கல, "யாருகிட்ட பாடமாம்?"னுதான் கேட்டார். சொன்னேன். "அப்படின்னா கெட்டியா புடிச்சுக்க, விட்டுடாத"ன்னார்.

ஜூலை 1

முதல் கிளாஸ். குழலையே தொட விடல.

"சீவாளிய மட்டும் எடும்மா"ன்னார், குழல் நுனியில வாயில வச்சு ஊதுற பகுதி அது. நான் வச்சிருந்தது வாய் அகலமா இருந்துச்சு, வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு ரெண்டு இதழுக்கும் நடுவுல இருக்குற இடைவெளிய பாத்தார், தந்தக் குச்சிய உள்ள விட்டு மெதுவா நெகிழ்த்தி, அப்புறம் ரெண்டு விரலால ஓரத்த அமுக்கி திருப்பிக் குடுத்தார். வாயில ஈரம் பண்ணி ஊதினா இத்தன நாளா கிழிஞ்ச மாதிரி வந்த சத்தம் உருண்டு வந்துச்சு. திருவாவடுதுறையில நாணல்ல செய்யுற சீவாளிதான், காவிரிக் கரையில விளையுறது, நான் காசு குடுத்து வாங்கிட்டு வந்தேன், ஆனா அத எப்படி பழக்கணும்னு இதுவரைக்கும் யாரும் கிட்ட உக்காந்து காட்டல. கிளாஸ் முழுக்க ஷட்ஜமம், அந்த 'சா' மட்டும்தான் ஊதினோம், ஒரே மூச்சு, சுருதிப் பெட்டியோட. கூட இருக்குற பையன் தோடி ராகம் வேணும்னு கேட்டான், தோடிக்கே பேர் போன நாயன மேதை ராஜரத்தினம் பிள்ளை ஊர்க்காரன், அந்த ஆசை அவனுக்கு இருக்காதா பின்ன. ஐயா கோவிச்சுக்கல. "தோடி வரும். முதல்ல சா நிக்கட்டும்"னார்.

அடியில இருக்குற அஞ்சு துளையையும் காட்டினார். விரல் வைக்குறது ஏழுதான், கீழ உள்ள அஞ்சும் சுருதி சேக்க, மெழுகு வச்சு அடைக்குறது. புஸ்தகத்துல படிச்சு பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன், இன்னைக்குதான் கையால மெழுகு வச்சு வித்தியாசத்த கேட்டேன்.

ஜூலை 4

வீணை மேடமும் வந்துட்டாங்க, தஞ்சாவூர் வீணை, பலாமரம், அந்த யாளி முகத்த பாக்கவே கூட்டம். புது வாய்ப்பாட்டு சார் திங்கக்கிழமை வராராம்.

ஜூலை 10

இன்னைக்கு மல்லாரி. ரூமுக்குள்ள உக்காந்து ஊதுற விஷயமே இல்ல அதுன்னு சொல்லி எல்லாரையும் வெளிய வேப்பமரத்து பக்கம் கூட்டிட்டு போயிட்டார். சாமி புறப்பாடுக்கு ஊதுறது, கம்பீர நாட்டை ராகம், சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது, நடந்துகிட்டே வாசிக்கணும், கூட தவில் இல்லாம அது நிக்காது. தவில் படிக்குற பி.ஏ. பையன கூப்பிட்டோம், விரல்ல கூடு மாட்டிகிட்டு ஓடி வந்தான். முதல் காலம், ரெண்டாம் காலம், மூணாம் காலம்னு அதே மெட்டு மடிச்சு மடிச்சு வருது, கால் மட்டும் ஒரே நடையில போகணும். எனக்கு மூணாம் காலத்துல கால் வேகமா ஓடுது, ஐயா பக்கத்துலயே நடந்து வந்து "பல்லக்கு உன் பின்னால வருதும்மா, அவங்க தோளுல பாரம் இருக்கு"ன்னார். அதுக்கப்புறம் நடை தானா நின்னுருச்சு. கோயில் வாசல்ல வருஷக்கணக்கா நின்னவர் வாயில இருந்துதான் இந்த மாதிரி திருத்தம் வரும்.

அம்பது நிமிஷ பீரியட் இதுக்கு பத்தவே பத்தாது. பெல் அடிச்சதும் அடுத்த கிளாஸ்காரங்க வந்து நிக்குறாங்க. ரெண்டு பீரியட சேத்துக் குடுங்கன்னு ஹெச்ஓடிகிட்ட கேட்டிருக்கோம், பாக்குறேன்னு சொல்லியிருக்கார்.

ஜூலை 16

நாளைக்கு ஆடி பொறக்குது. ஐயா ஒரு விஷயம் சொன்னார், ஆடியில கல்யாணம் இல்ல, அம்மன் கோயில் போக மத்த நாள்ல தவில்காரங்க கொஞ்சம் ஓய்வா இருப்பாங்க, தனக்கு தெரிஞ்ச ஒரு வித்வான கூட்டிட்டு வந்து ஒரு வாரம் வாசிக்க வைக்கிறேன்னு. சொந்தச் செலவுல. கேட்டு சந்தோஷமா இருந்துச்சு, கூடவே மனசு பொறுக்கவும் இல்ல. இப்பதான் வேலைக்கு வந்தவர் ஏன் கைக்காசு போடணும்? தவில் போஸ்ட் இன்னும் காலியாத்தான் கெடக்கு, நாயனத்துக்கு ஆள் போட்டுட்டு தவிலுக்கு போடலன்னா வேலை பாதிதான் நடந்திருக்கு.

சாயங்காலம் நாங்களே உக்காந்து மனு எழுதிட்டோம். தவிலுக்கு நிரந்தர ஆசிரியர் வேணும், அதே 2018 விதிப்படி கலைஞரையே எடுக்கணும், அதுவரைக்கும் வர்ற வித்வானுக்கு பல்கலைக்கழகமே சம்பளமும் பஸ் காசும் குடுக்கணும். வீணைக்காரங்க, வாய்ப்பாட்டுக்காரங்க எல்லாரும் கையெழுத்து போட்டுட்டாங்க. காலையில பதிவாளர் ஆபீஸ்ல குடுத்து சீல் போட்ட நகல் வாங்கிக்கணும்.