உலகம் எப்படி இருக்கு, ஆத்தா?

பிப்ரவரி 4, செவ்வாய்
மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் இல்லை.

பிப்ரவரி 5, புதன்
நூலகத்தில் முன் மேசைகள் எல்லாம் போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு. வரலாற்று அலமாரி மின்விசிறி எட்டாத மூலையில். பாதிக்கு மேல் இரண்டாம் உலகப் போர்தான். ஹிட்லர் மட்டும் எத்தனை தடிமனில் வேண்டுமானாலும் கிடைப்பார். அதற்குக் கீழ்த்தட்டில் 'உலகப் பிரச்சினைகள்' வகை. எண்பதுகளின் கடைசியில் வந்த ஒன்றை உருவினேன். பின்னட்டையில் ஒட்டிய தேதித்தாளில் கடைசி முத்திரை 1996. அதற்கப்புறம் அந்தக் கவலைகளை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

எடுத்து வந்தேன். அப்பச்சி, எங்கள் வழக்கில் அப்பா, விழித்திருந்தார்கள். "உலகம் எப்படி இருக்கு, ஆத்தா?"

நல்லாத்தான் இருக்கு அப்பச்சி, மாத்திரையைப் போடுங்க.

பிப்ரவரி 6, வியாழன்
இரவெல்லாம் இருமல். இருமல் நின்ற இடைவெளிகளில் படித்தேன். 1987-இல் உலக மக்கள்தொகை 500 கோடியைத் தொட்டதைப் பெரிய அபாயச் சங்காக ஊதியிருக்கிறார்கள். 2022 நவம்பரில் 800 கோடி ஆனது. ஓசோன் ஓட்டைக்கும் ஒரு அத்தியாயம், எழுத்தில் நடுக்கம் தெரிகிறது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் அப்போதுதான் கையெழுத்தாகியிருந்தது, பலிக்குமா என்று ஆசிரியருக்கே சந்தேகம். பலித்துவிட்டது! குளிர்பெட்டியிலும் ஸ்பிரே டப்பாவிலும் போட்ட வாயுக்களை நாடுகள் நிஜமாகவே நிறுத்தின. அண்டார்டிக்காவுக்கு மேலே 2066 வாக்கில் பழைய நிலைக்கு வரும் என்கிறது கணிப்பு. பழைய பயப் புத்தகத்தைப் படிப்பதில் இந்த ஒரு சுகம் உண்டு. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று நமக்குத் தெரியும்.

அப்பச்சியின் ரிப்போர்ட் விஷயத்தில் அந்தச் சுகம் இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி
நூலகம் விடுமுறை. கவுனி அரிசி இரண்டு கரண்டி சாப்பிட்டார்கள். தேங்காய்ப்பூ வேண்டாமாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு
'உலக வரலாறு' என்று அட்டையில் போட்டிருந்தால் நான் முதலில் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, சொல்லடைவில் பர்மாவைத் தேடுவேன். பெரும்பாலும் ஒரே பக்க எண்தான் இருக்கும், ஜப்பான் உள்ளே வந்த கதை. 1941 டிசம்பர் 23 ரங்கூனில் குண்டு. 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. அடுத்த பத்தி சிங்கப்பூரோ மிட்வேயோ.

அந்தப் பத்திக்கும் இந்தப் பத்திக்கும் நடுவே எங்கள் ஐயா, அப்பச்சியின் அப்பா, நடந்து வந்தார்கள். ரங்கூன் மொகல் தெருவில் பெட்டியடியை, அதாவது வட்டிக்கடையை, பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டு, புரோமுக்குப் போய், அங்கிருந்து மலையேறி அரக்கான் கடற்கரையில் டௌங்குப் பக்கம் இறங்கிய கூட்டத்தோடு. வழியெல்லாம் காலரா. அப்படியும் இப்படியுமாக ஐந்து லட்சம் பேர் வரை இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். வராதவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் ஒரு புத்தகம் பத்தாயிரம் என்கிறது, இன்னொன்று ஐம்பதாயிரம். ஐந்தொகைக் கணக்கில் காலணா உதைத்தால் விடிய விடிய உட்கார்ந்து சரிபார்த்த வீடு இது. நாற்பதாயிரம் ஆள் உதைக்கிறது, யாரும் விளக்கைப் போட்டுத் தேடக் காணோம்.

அப்பச்சிக்குப் படித்துக் காட்டினேன். "ஐயா மெலிஞ்சு வந்தாக. எனக்கு அடையாளம் தெரியலை, ஆத்தா முந்தானைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்" என்றார்கள். அப்புறம் தூங்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்
போன் இல்லை. நான் பண்ணினேன். "டாக்டர் பார்க்கணும் மேடம்."

பிப்ரவரி 11, செவ்வாய்
அண்ணன் வந்தான். இரும்புப் பெட்டியில் கிடக்கிற பர்மாப் பத்திரங்களைப் பழைய பேப்பருக்குப் போடலாம் என்கிறான். 1948-இல் நில தேசியமயச் சட்டம், 1962-இல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சிக்கு வந்தபின் மிச்சம் மீதியும் போயிற்று. செல்லாது என்பது எனக்கும் தெரியும். வட்டம் வட்டமாக அந்த எழுத்து. பூச்சி ஒரு ஓரத்தை மட்டும் வரிசையாகத் தின்றிருக்கிறது. கொடுக்க மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டான். சும்மாத்தான்.

பிப்ரவரி 13, வியாழன்
இன்று எடுத்தது 1929 வீழ்ச்சி. நியூயார்க் பங்குச் சந்தை, ஜெர்மனியில் வேலையில்லாதோர் வரிசை, எல்லாம் விரிவாக. கீழ்ப் பர்மாவில் நெல் விலை பாதிக்கும் கீழே போனது மட்டும் இல்லை. அதை வேறொரு புத்தகத்திலிருந்து நானே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. நெல் விலை விழுந்தது, குடியானவனால் கடனைக் கட்ட முடியவில்லை, அடமானம் மூழ்கியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் எங்கள் வட்டிக்கடைச் செட்டிமார் கைக்கு வந்த விளைநிலம் 1930-இல் 6 சதவீதம், 1938-இல் 25.

"நிலம் யாருக்கு வேணும், பணத்தைக் கொடுங்கன்னுதான் ஐயா கேட்டாக" என்கிறார்கள் அப்பச்சி. உண்மையாகவே இருக்கும், வட்டிக்கடைக்கு முதல் சுழல வேண்டும், வயல் சுழலாது. ஆனால் நாலில் ஒரு பங்கு வயல் போனவனிடம் இதைச் சொல்ல முடியுமா? ஒரு புத்தகத்தில் நாங்கள் கொள்ளைக்காரர்கள், இன்னொன்றில் எல்லாம் தொலைத்துவிட்டு வந்த பாவப்பட்டவர்கள். நம்மவர்கள் எழுதிய குடும்ப மலர்களில் கோயில் திருப்பணி மட்டும்தான்.

பட்டாலைத் தூணில் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன். பர்மாத் தேக்கு. கை பட்டுப் பட்டு இடுப்புயரத்தில் கறுத்து, எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்குகிறது.

பிப்ரவரி 14, வெள்ளி
ஒன்றுமில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு
அப்பச்சிக்கு இன்று தெளிவு. பெரியம்மை ஒழிந்த கதையைப் படித்தேன். இயற்கையாகத் தொற்றிய கடைசி ஆள் சோமாலியாவில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையல்காரர், அலி மாவ் மாலின், 1977. நோயாளிப் பிள்ளைகள் இருந்த வண்டிக்கு வழிகாட்டக் கொஞ்ச நேரம் கூட ஏறினார், அவ்வளவுதான். பிழைத்துக்கொண்டு, பின்னாளில் போலியோ மருந்து கொடுக்க ஊர் ஊராக அலைந்திருக்கிறார். அப்பச்சி சட்டைக் கையைச் சுருட்டி அம்மை குத்திய தழும்பைத் தடவிப் பார்த்தார்கள். "அந்தாளு சமையல் எப்படியாம்?"

இந்த மாதம் முதல் தடவையாகச் சிரித்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்
நூலகர் கேட்கிறார், "பரீட்சை எழுதுறீங்களாம்மா?" இல்லை என்றேன். நம்பவில்லை. தேதித்தாளில் முத்திரையைச் சாய்த்துக் குத்தினார். 1996-க்குக் கீழே ஒரே புத்தகத்தில் இரண்டு 2025.

பிப்ரவரி 18, செவ்வாய்
ஏரல் கடல். 1960-இல் உலகின் நாலாவது பெரிய ஏரி. பருத்திக்கு ஆறுகளைத் திருப்பினார்கள், தண்ணீர் போய்விட்டது, கப்பல்கள் மணலில் நிற்கின்றன. பாதியில் போன் வந்தது. ரிப்போர்ட்டை நேரில்தான் சொல்வார்களாம், நாளை பத்து மணிக்கு. அண்ணனுக்குச் சொல்லியாகிவிட்டது. அப்பச்சிக்கு இன்னும் சொல்லவில்லை. ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும், ஸ்கேன் உறை, வெந்நீர்க் குடுவை, மாற்று வேட்டி இரண்டு,