ஈ-டைப்பா, 911-ஆ?

தக்கலையில் சித்தப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் மழைக்கு ஒதுங்கியபோது தொடங்கிய சண்டை இது: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் எது உசத்தி? எனக்கு, 1961-இல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப்தான். நீண்ட மூக்கு, அதற்குள் 3.8 லிட்டர் இன்ஜின், வரிசையாக ஆறு சிலிண்டர். பானெட்டைத் திறந்தால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமே எழுந்து நிற்கும். அந்த அழகுக்கு எதை ஈடு சொல்வது!

சித்தப்பாவுக்கு, 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் காட்டிய போர்ஷே 911. இன்ஜின் பின்னால், 2 லிட்டர்தான். “காத்துல ஆறுற இன்ஜின் மக்கா. ரேடியேட்டரே கிடையாது, பெறகு எங்க ஒழுகும்?” என்றார். வளைவில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் வால் வீசுமே என்றேன். காதில் வாங்கவில்லை.

துரு விஷயத்தில் பழைய வண்டிகள் இரண்டுமே மோசம். முட்டம் உப்புக்காற்றில் என் ஸ்கூட்டரே மூன்று வருடத்தில் அரித்துவிட்டது. வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல், முதலில் அடியில் குனிந்து பாருங்கள். எனக்கு வாங்க வக்கில்லை, சரி, ஆனாலும் ஈ-டைப்தான்.