கால்மோடுலின் பட்டை விழவில்லையா? ஆன்டிபாடியை மாற்றும் முன் மெம்பிரேனைப் பாருங்கள்

புரதங்களை ஜெல்லில் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் கண்டறியும் முறைதான் வெஸ்டர்ன் பிளாட். அதில் கால்சியத்தைப் பிடிக்கும் புரதமான கால்மோடுலின் தெரியவில்லை என்றதும் பலர் வேறு ஆன்டிபாடிக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். பணமும் மாதமும் வீண். முதலில் சந்தேகப்பட வேண்டியது மெம்பிரேனைத்தான்.

148 அமினோ அமிலங்கள், சுமார் 16.7 கிலோடால்டன், அமிலத்தன்மை மிகுந்த புரதம் இது. மெம்பிரேனில் ஏறினாலும் ஒட்டி நிற்காது. பிளாக்கிங்கிலும் (மெம்பிரேனின் காலி இடங்களை மூடும் படி) ட்வீன் டிடர்ஜென்ட் கழுவலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும். 0.45 மைக்ரான் துளை என்றால் ஊடுருவி மறுபக்கமே போய்விடலாம். அதனால் 15 சதவீத ஜெல், 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் மெம்பிரேன். முதல் தடவை பின்னால் இன்னொரு மெம்பிரேனையும் வைத்துப் பாருங்கள், எவ்வளவு தாண்டிப் போகிறது என்று தெரிந்துவிடும்.

டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் பிளாக்கிங்குக்கு முன்பே குளுட்டரால்டிஹைடால் புரதத்தை மெம்பிரேனில் பிணைக்க வேண்டும். பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) 0.2 சதவீதம், அறை வெப்பத்தில் 30 முதல் 45 நிமிடம், ஃபியூம் ஹுட்டுக்குள். அதற்கு முன் பிபிஎஸ்ஸில் மூன்று முறை, ஐந்தைந்து நிமிடம் அலசுங்கள். அவசரத்தில் விட்டுப்போவது இந்த அலசல்தான். டிரான்ஸ்ஃபர் பஃபரின் டிரிஸ், கிளைசீன் இரண்டிலும் அமீன் உண்டு. புரதத்துக்குப் போக வேண்டிய குளுட்டரால்டிஹைடை அவை தின்றுவிடும். பிணைத்த பிறகு அதே கிளைசீன் உதவிக்கு வரும்: 100 மில்லிமோலார் கரைசலில் 15 நிமிடம் ஊறவிட்டால் மிச்சமுள்ள குளுட்டரால்டிஹைட் அடங்கும். அடங்காவிட்டால் ஆன்டிபாடியே மெம்பிரேன் முழுக்க ஒட்டிப் பின்னணி கறுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. குளுட்டரால்டிஹைட் லைசீனைப் பிடிக்கும். ஆன்டிபாடி அடையாளம் காணும் பகுதியில் லைசீன் இருந்தால் சிக்னல் குறையலாம். தூய கால்மோடுலின் 50 நானோகிராம் ஓட்டி, மெம்பிரேனை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் பிணைத்து ஒப்பிடுங்கள்.

விழுந்த பட்டை கால்மோடுலின்தானா? ஒரே மாதிரியை ஒரு லேனில் 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடுடனும், இன்னொன்றில் கால்சியத்தைப் பிடித்து அகற்றும் இஜிடிஏ 5 மில்லிமோலாருடனும் ஓட்டுங்கள். புரதங்களை விரித்துவிடும் எஸ்டிஎஸ் டிடர்ஜென்ட் ஜெல்லில் இருந்தும் கால்சியம் பிடித்த கால்மோடுலின் வேகமாக ஓடும். பட்டை கீழே இறங்கித் தெரியும். நடுவில் ஒரு லேனைக் காலியாக விடுங்கள், இரண்டும் கலந்தால் பட்டை கோணும். கழுவும் கரைசலில் கால்சியம் தேவைப்பட்டால் டிபிஎஸ்ஸில் (டிரிஸ் உப்புக் கரைசல்) சேர்த்துக்கொள்ளுங்கள். பிபிஎஸ்ஸில் சேர்த்தால் கால்சியம் பாஸ்பேட்டாகப் படிந்துவிடும்.

மனிதரில் சிஏஎல்எம்1, சிஏஎல்எம்2, சிஏஎல்எம்3 என்ற மூன்று ஜீன்களும் ஒரே புரதத்தைத்தான் தருகின்றன. ஒரு ஜீனை மட்டும் முடக்கினால் பட்டை மறையாது. அதை வைத்து ஆன்டிபாடியைக் குறை சொல்லாதீர்கள். 'சிஏஎல்எம்1-ஐ மட்டும் கண்டறியும்' என்று விற்றால் நம்பவும் வேண்டாம். எந்த ஜீனிலிருந்து வந்தது என்று அறிய எம்ஆர்என்ஏவைத்தான் அளக்க வேண்டும்.