ஐந்து பேர் காவல்: எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அமெரிக்கக் கால்பந்து அணி, 2019

ஆகஸ்ட் 31
ஜார்ஜியா சதர்னை 55-3 என்று ஜெயித்தோம். ஃபுல்பேக்கை (பந்தோடு ஓடுபவனுக்கு வழி திறப்பவன்) முன்னால் விட்டு முட்டி மோதும் பழைய ஆட்டம் போயே போய்விட்டது. ஐந்து ரிசீவர்கள் (பாஸ் பிடிப்பவர்கள்) அகலமாக விரிய, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பரோவுக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஜோ பிரேடியின் கைவண்ணம்.

செப்டம்பர் 7
டெக்சஸ் 45-38. நெஞ்சு இன்னும் அடங்கவில்லை.

பரோவிடம் வருபவர்களைத் தடுக்க இருப்பது ஐந்து லைன்மேன் (முன்வரிசைக்காரர்கள்). எதிரணி ஆறு பேரை அனுப்பினால் ஒருவன் தடையில்லாமல் வந்தே தீருவான். அதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். குறுகிய பாஸுக்கு இது சரி. மூன்றாவது டவுனில் (பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 17 யார்டு வேண்டுமென்றால்? ரிசீவர் அவ்வளவு தூரம் ஓடவே நேரம் போதாது. இன்று 37-31-இல் அதுதான் வந்தது, பிளிட்ஸோடு (வழக்கத்தைவிட அதிகம் பேர் பாய்வது). பரோ பின்வாங்கவில்லை. ஓரத்தில் வருபவர்களை டேக்கிள்கள் (லைன்மேன்களில் இரு ஓரத்தில் நிற்பவர்கள்) வெளியே சுற்றவிடுவதால் பின்னால் போனால் அவர்கள் கையில்தான் விழ வேண்டும். முன்னால் நகர்ந்து ரிசீவர் ஜெஃபர்சனுக்கு எறிந்தான். 61 யார்டு, டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைக் கடந்து ஆறு புள்ளி).

ஒவ்வொரு வாரமும் இப்படித் தப்ப முடியுமா?

செப்டம்பர் 28
ஆட்டமில்லை.

அக்டோபர் 12
ஃப்ளோரிடா 42-28. வெறும் 48 ஸ்னாப்பில் (ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வருவதும் ஒரு ஸ்னாப்) 511 யார்டு! ஐந்து பேர் போதும்.

அக்டோபர் 26
ஆபர்ன் 23-20. 508 யார்டு போயும் 23 புள்ளிதான். அவர்கள் தடுப்பில் முன்னால் மூன்று பேர், ஒரு லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவன்), பின்னால் ஏழு பேர். எறிய நேரம் தாராளம், எறியத்தான் இடமில்லை. இதற்கு மருந்து ஓட்டம்தான். ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவன்) எட்வர்ட்ஸ்-ஹெலேர் 136 யார்டு ஓடினான்.

நவம்பர் 2
அலபாமாவுக்கு ஏழு நாள். அவர்களிடம் வரிசையாக எட்டுத் தோல்வி.

நவம்பர் 9
46-41. டஸ்கலூசாவில், அலபாமாவின் மைதானத்திலேயே! 2011-க்குப் பிறகு இன்றுதான் அவர்களை ஜெயித்தோம்.

நவம்பர் 16
ஓல் மிஸ் 58-37. ஜெயித்தும் எரிச்சல். தரையில் 402 யார்டு விட்டுக்கொடுத்திருக்கிறோம், அதில் குவார்ட்டர்பேக் பிளம்லி மட்டும் 212. ஓரத்தில் நிற்பவன் ரன்னிங் பேக்கைப் பிடிக்க உள்ளே பாய்கிறான். குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுக்காமல் அவன் விட்ட இடத்திலேயே ஓடுகிறான். ஓரத்துக்காரன் பாயக் கூடாது, நிற்க வேண்டும். நின்றாலே பாதி ஓட்டம் அடங்கும்.

டிசம்பர் 7
ஜார்ஜியா 37-10. பரோ பிடியில் சிக்காமல் சுழன்று வெளியே வந்து, மறுபடியும் ஜெஃபர்சனுக்கு. 71 யார்டு.

டிசம்பர் 28
ஓக்லஹோமா 63-28. முதல் பாதியிலேயே ஏழு டச்டவுன் பாஸ். ஆனால் எட்வர்ட்ஸ்-ஹெலேருக்குப் பின்தொடைத் தசையில் அடி, இன்று அதிகம் இறங்கவில்லை.
இரவு இன்னொரு அரையிறுதி, கிளெம்சன் ஆட்டம். அவர்கள் குவார்ட்டர்பேக் லாரன்ஸ் 67 யார்டு தானே ஓடி டச்டவுன். பிளம்லிதான் கண்ணில் நிற்கிறான்.

ஜனவரி 12
நாளை நியூ ஆர்லியன்ஸில் கிளெம்சனோடு இறுதி ஆட்டம். கிளெம்சனின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் வெனபிள்ஸ் ஆறு பேரை வரிசையில் காட்டி நான்கு பேரை அனுப்புவார். நான்கைக் காட்டி ஆறும் அனுப்புவார். அவர்கள் ஆட்டக்காரன் சிம்மன்ஸ் ஒரு ஸ்னாப்பில் சேஃப்டி (கடைசி வரிசைக் காவல்), அடுத்ததில் லைன்பேக்கர். அவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்த பிறகே பரோ பந்தைக் கேட்க வேண்டும். எட்வர்ட்ஸ்-ஹெலேரை உள்ளேயே நிறுத்தினால் ஆறு பேர் காவல், ஆனால் ஒரு ரிசீவர் குறைவு. அந்தத் தொடை ஆறிவிட்டதா