மலைக் குளிரில் டை: நிறத்துக்கு முன் துணி

டை வாங்கச் செல்லும் பலரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் வாழ்பவன் என்ற முறையில், துணியையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சமவெளியில் வியர்வைக்கு அஞ்சி ஒதுக்கப்படும் கம்பளி டை, டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கே தடித்த ட்வீட் கோட்டுடன் மிகவும் பொருந்துகிறது. பளபளப்பு இல்லாததால் பகல்நேரக் கூட்டங்களுக்கும் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் அதுவே ஏற்றது. பட்டு டை திருமண வரவேற்புக்கும் மாலை விருந்துக்கும் உரியது. மழைத்துளி பட்டால் பட்டில் கறை தங்கிவிடக்கூடும் என்பதால், பருவமழை நாட்களில் அதைப் பையில் கொண்டுசென்று, மண்டபத்தை அடைந்தபின் கட்டிக்கொள்வது நல்லது.

முடிச்சையும் துணியே தீர்மானிக்கிறது. கம்பளியில் பல சுற்றுகள் கொண்ட அகன்ற வின்ட்சர் முடிச்சுப் போட்டால் அது எலுமிச்சம்பழம் போலப் பருத்துக் காலரைத் தள்ளும். கம்பளிக்குக் குறைந்த சுற்றுகளில் முடியும் ஃபோர்-இன்-ஹேண்ட் முடிச்சே போதும். மெல்லிய பட்டும் முனைகள் அகன்று விரியும் காலரும் சேர்ந்தால் மட்டுமே வின்ட்சர் எடுப்பாக இருக்கும். நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞர்களுக்கு, பருமனில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அரை வின்ட்சர் முடிச்சையே பரிந்துரைப்பேன். பள்ளியில் எலாஸ்டிக் டை அணிந்தே வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு ஒரு முடிச்சுகூடத் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

சாய்கோடு போட்ட டையில் கூடுதல் கவனம் தேவை. பிரிட்டிஷ் மரபில் குறிப்பிட்ட நிறக்கோடுகள் குறிப்பிட்ட ராணுவப் படைப்பிரிவுக்கோ, கல்லூரிக்கோ, சங்கத்துக்கோ அடையாளமாகும். மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் ராணுவ அதிகாரிகளுக்கான பணியாளர் கல்லூரியும் அமைந்துள்ள நீலகிரி வெலிங்டனில் விருந்துக்கு அழைக்கப்பட்டால், பிறர் உழைத்துப் பெற்ற அடையாளத்தை அறியாமல் அணிந்துவிடாதபடி, ஒரே நிறத்திலோ சிறுபுள்ளிகளிலோ உள்ள டையைத் தேர்ந்தெடுங்கள். துக்க வீட்டுக்குப் பளபளப்பற்ற கறுப்பு டை. வண்ணத்துப்பூச்சி வடிவில் கழுத்தருகே கட்டும் போ டை, இரவு விருந்துக்கான டின்னர் ஜாக்கெட்டுடன் மட்டும்.

1920களில் நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப், துணியை 45 பாகைச் சாய்வில் வெட்டி மூன்று துண்டுகளாக இணைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அவிழ்த்தபின் டை பழைய வடிவத்துக்குத் திரும்புவது அந்தச் சாய்வு வெட்டினால்தான். ஆகவே, குறுகிய முனையைப் பிடித்து வெடுக்கென்று உருவாமல், கட்டிய வரிசைக்கு நேரெதிராக அவிழ்க்க வேண்டும். பின்னல் டையைத் தொங்கவிட்டால் நீண்டுவிடும். அதைச் சுருட்டி அலமாரியில் வையுங்கள்.